பழைய மோட்டார் கிளைடர் வாங்கும் முன்: கட்டாய மாற்றங்களை எப்படிப் படிப்பது?

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் மூவர் சேர்ந்து ஐரோப்பாவிலிருந்து பழைய மோட்டார் கிளைடர் (மிதந்து பறக்கும், சொந்த இன்ஜினும் உள்ள சிறு விமானம்) ஒன்றை வாங்கி இங்கே பதிவு செய்யப் பார்க்கிறார்கள். கையில் இரண்டு விளம்பரங்கள்: ஒன்று குரோப் ஜி109பி, இன்னொன்று ரோட்டாக்ஸ் இன்ஜின் போட்ட சூப்பர் டிமோனா. விற்பவர்கள் அனுப்பிய காகிதங்களில் 'கட்டாயம்' என்று குறித்த மாற்றங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதில் ஒருவர், "அதெல்லாம் கம்பெனி புல்லட்டின்தான், செய்யாவிட்டாலும் பறக்கலாம்" என்கிறாராம். எது உண்மையில் கட்டாயம், எதை முதலில் பார்ப்பது, இரண்டில் எதை எடுப்பது என்பது கேள்வி.

சுபாங்கில் சிறு விமானங்களின் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, அந்த விற்பவர் சொன்னது பாதி சரி, அதனால்தான் ஆபத்து. ஒரு குறை தெரிய வந்ததும் முதலில் எழுதுவது தயாரிப்பாளர். அதற்கு சர்வீஸ் புல்லட்டின் என்று பெயர். ஜெர்மன் கிளைடர்களில் டெக்னிக்கல் நோட் என்பார்கள். அதன் தலைப்பில் தயாரிப்பாளரே 'கட்டாயம்' என்று போட்டிருக்கலாம். ஆனால் பொதுவாக அதைச் சட்டமாக்குவது விமானம் வடிவமைக்கப்பட்ட நாட்டின் அதிகாரம். அது வெளியிடுவதுதான் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், சுருக்கமாக ஏடி. குரோப்பும் டிமோனாவும் ஐரோப்பியத் தயாரிப்புகள் என்பதால் இன்று ஏடி வருவது இயாசா என்ற ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து. இயாசா வேலையைத் தொடங்கியது 2003இல். அதற்கு முந்தியவை ஜெர்மனியின் எல்பிஏ, ஆஸ்திரியாவின் அதிகாரம் போன்ற நாட்டு அமைப்புகள் வெளியிட்டவை. அவை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. பழைய கிளைடருக்குப் பட்டியல் தேடுபவர்கள் இயாசா தளத்தை மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வார்கள், எண்பதுகளின் உத்தரவுகள் விட்டுப்போகும்.

இங்கே மலேசிய விமானங்களுக்குரிய 9எம் பதிவு போட்டதும் பொறுப்பு மலேசியாவுக்கு வந்துவிடுகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 8ஆவது இணைப்பு சொல்வது இதுதான்: வடிவமைத்த நாடு கட்டாயத் தகவல் அனுப்பினால், பதிவு செய்த நாடு அதை அப்படியே ஏற்க வேண்டும், அல்லது பரிசீலித்துத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். நமக்கு அந்த இடத்தில் இருப்பது சிஏஏஎம் என்ற மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரியில் டிசிஏ என்ற பழைய அரசுத் துறையின் இடத்துக்கு வந்த அமைப்பு. ஆகவே "இது ஐரோப்பிய ஏடிதானே, மலேசியாவில் செல்லாது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பராமரிப்புக் கையேட்டில் 'வான்தகுதி வரம்புகள்' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்தில் தூக்கி எறியப்பட வேண்டும், உடல் எத்தனை மணி நேரத்தில் பெரிய சோதனைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அங்கே. அதற்கு ஏடி தேவையில்லை, அந்த அத்தியாயமே சட்டம். பல ஜெர்மன் கண்ணாடியிழைக் கிளைடர்களுக்கு ஆரம்பத்தில் 3,000 மணி நேர ஆயுள்தான் கொடுத்தார்கள். பிறகு குறிப்பிட்ட சோதனைகளைச் செய்து படிப்படியாகக் கூட்டினார்கள். புல்லட்டின் வழியாக அந்த அத்தியாயத்தைத் திருத்தினால் அந்தப் புல்லட்டினும் கட்டாயமாகிவிடும். விற்பவரின் வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இப்போது காகிதத்துக்கு வருவோம். விற்பவர் அனுப்பியது பெரும்பாலும் உடலின் ஏடி பட்டியலாக இருக்கும். இன்ஜினுக்குத் தனிப் பட்டியல், புரொப்பெல்லருக்குத் தனிப் பட்டியல், சீட் பெல்ட், இழுவைக் கொக்கி, மேக்னெட்டோ மாதிரி சாமான்களுக்குத் தனித்தனி. ரோட்டாக்ஸின் ஏடி டிமோனாவின் பெயரில் வராது, ரோட்டாக்ஸ் பெயரில்தான் வரும். சீரியல் நம்பரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பட்டியலும் உதவாது. சில உத்தரவுகள் குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும். உங்கள் இன்ஜின் அதற்குள் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் 'பொருந்தாது, காரணம் இன்ன சீரியல் நம்பர்' என்று எழுதியிருக்க வேண்டும். "எல்லா ஏடிகளும் இன்றுவரை செய்யப்பட்டன" என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்ட லாக் புக்குகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

ஒவ்வொரு வரியிலும் நீங்கள் தேட வேண்டியது, அது எப்படி முடிக்கப்பட்டது என்பது. பாகத்தையே மாற்றி நிரந்தரமாக முடித்ததா? இல்லை, ஒவ்வொரு 25 மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதா? இரண்டாவது வகைதான் விலை பேசும்போது மறைந்துபோவது. விற்பவர் சோதனை செய்து கையெழுத்து வாங்கியிருப்பார், ஏமாற்று இல்லை. ஆனால் மாற்றம் செய்தால் சோதனை ஓய்ந்துவிடும் என்று அந்த ஏடியிலேயே இருக்கும். அந்த மாற்றத்தின் செலவை உங்கள் தலையில் விட்டிருப்பார். மூன்றாவதாக, அதிகாரத்திடம் தனி அனுமதி வாங்கி வேறு வழியில் நிறைவேற்றியதும் இருக்கலாம். அந்த அனுமதி அந்த நாட்டு அதிகாரம் கொடுத்தது, இங்கே தானாக வந்துவிடாது. பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் பணம் கட்டும் முன்பே சிஏஏஎம்மிடம் கேளுங்கள்.

பழைய கார் வாங்கும்போது புஸ்பாகோம் சீட்டைக் கேட்கிறோம் இல்லையா, அது சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். கிளைடரின் வருடாந்திரச் சான்றிதழை மட்டும் காட்டி "பாருங்கள், பாஸ்" என்றால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் முடிந்தது விமானத்தில் முடிந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்த சிறு விமானம் ஒன்று எங்கள் ஹேங்கருக்கு வந்தது. எக்ஸாஸ்ட் மாற்றம் செய்யப்பட்டதாக லாக் புக்கில் அழகான கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. இன்ஜின் மூடியான கௌலிங்கைக் கழற்றி, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மஃப்ளரின் பின்பக்கத்தைப் பார்த்தால், தகட்டில் பொறித்திருந்த பார்ட் நம்பர் பழையது. கடைசி எழுத்து 'ஏ' என்று இருந்தது, 'பி' ஆக இருக்க வேண்டும். மேலே வெப்பத்துக்கான வெள்ளை வண்ணம் புதிதாக அடித்திருந்ததால் முதல் பார்வைக்குப் புதுப் பாகம் போலவே தெரிந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், அவருக்கும் தெரியாது. மாற்றிய பாகம் ஒவ்வொன்றுக்கும் ஃபார்ம் 1 என்ற விடுவிப்புச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் இருக்கும் எண்ணும் உலோகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கண்ணால் பார்த்து, புகைப்படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையான விற்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இனி, மோட்டார் கிளைடர் என்பதால் மட்டும் வரும் சங்கதிகள். என் கணக்கில் முதல் இடம் இன்ஜினுக்கு இல்லை, இறக்கையைக் கழற்றி மாட்டும் இடத்துக்கு. ஒரு செஸ்னாவின் இறக்கையை யாரும் சனிக்கிழமை காலையில் கழற்றி மாட்டுவதில்லை. கிளைடரில் அது வழக்கம். ஒவ்வொரு முறையும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்), ஏர்பிரேக் (இறங்குவதற்கான இறக்கைத் தடுப்பு) கம்பிகள் பிரிந்து மறுபடி இணைகின்றன. பல ஐரோப்பிய கிளைடர்களில் இந்த இணைப்பு லொத்தெலியே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கப்ளிங். ஒரு கம்பியின் நுனியில் உருண்டை, இன்னொன்றில் குழி. குழிக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ஆப்பு. ஆப்பை விரலால் அழுத்தி உருண்டையை உள்ளே தள்ளி விட்டால் ஆப்பு திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும். வேலை மூன்று நொடி.

சிக்கல், ஆப்பு பாதி வந்து நின்றாலும் கைக்குப் பூட்டியது போலவே தெரியும். தரையில் ஸ்டிக்கை, அதாவது விமானியின் கட்டுப்பாட்டுக் கோலை, ஆட்டினால் எய்லரான் அசையும், எல்லாம் சரி என்று தோன்றும். மேலே போய்ச் சுமை ஏறும்போது கழன்றுவிடும். இப்படி உயிர்கள் போன பிறகுதான் பல நாடுகள் இதைக் கட்டாய மாற்றமாக்கின. ஆப்பில் ஒரு சிறு துளை இருக்கிறது. ஆப்பு முழுதாக உட்கார்ந்தால் மட்டுமே அந்தத் துளை வெளியே தெரியும், அதன் வழியே ஒரு பாதுகாப்புப் பின் செருக வேண்டும். பின் போகவில்லை என்றால் இணைப்பு சரியில்லை என்று பொருள், சுத்தியலால் தட்டக் கூடாது. பின்னைச் செருக மறப்பதால், வேடகின்ட் என்ற உறையையும் ஊர்லிங்ஸ் என்ற இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். இவை கப்ளிங்கைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பைத் திரும்ப அழுத்த விடாமல் தடுக்கும். உருண்டை தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் சேர்ந்ததே. இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவைப் பார்த்தால் சிரிப்பு வரும், இன்ஜின் ஓவர்ஹாலில் ஒரு துளி. ஆனாலும் பழைய கிளைடர்களில் விட்டுப்போவது இதுதான், காரணம் யாரும் அந்த மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்கும் இரண்டிலும் எந்த வகை இணைப்பு, எந்த வகைப் பூட்டு என்று புகைப்படத்தோடு கேளுங்கள். மாட்டிய பிறகு ஒருவர் கட்டுப்பாட்டுப் பரப்பைக் கையால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டிக்கை எதிர்த்துத் தள்ளிப் பார்க்கும் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

இன்ஜின் உடலுக்குள் மடங்கிப் போகும் வகைகளை நீங்கள் வாங்கவில்லை, அதனால் சுருக்கமாக. அதில் சோலோ 2350சி என்ற இன்ஜினில் ஷாஃப்ட் உடைந்து புரொப்பெல்லரே பிரிந்துபோனது. 2013இல் இயாசா அவசர ஏடி போட்டு அந்த இன்ஜினை இயக்கவே தடை விதித்தது, மாற்றம் பிறகு வந்தது. அவசர ஏடிகளின் எண் முடிவில் 'ஈ' என்று இருக்கும். உங்கள் பட்டியலில் அந்த எழுத்தைக் கண்டால் அந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

டிமோனாவின் ரோட்டாக்ஸுக்கு வருவோம். 912, 914 இரண்டிலும் இரண்டு பிங் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மிதவைகள். ஒரு காலத்து மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப் போயின. கனத்த மிதவை தாழ்ந்து நிற்கும், பெட்ரோல் அளவுக்கு மீறி வரும், இன்ஜின் தடுமாறும், வழிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ரோட்டாக்ஸ் புல்லட்டின் போட்டு, ஒரு ஜோடி மிதவையின் எடை 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. பொருளை மாற்றிப் புது மிதவைகளும் கொண்டுவந்தது. இதைச் சோதிக்க நகைக்கடைத் தராசு போதும். கிண்ணத்தைக் கழற்றி, மிதவைகளைத் துடைத்து, எடை போட்டு, மேலே இருக்கும் குறியையும் படித்துவிடலாம். விற்பவரின் மெக்கானிக்கிடம் இதைச் செய்து படம் அனுப்பச் சொல்லுங்கள். "புல்லட்டின்தானே" என்று தட்டிக் கழிப்பவர் வேறு என்னென்ன தட்டிக் கழித்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரோட்டாக்ஸில் ரப்பர் எல்லாம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற வேண்டும்: பெட்ரோல் குழாய், குளிர்நீர்க் குழாய், கார்புரேட்டர் சாக்கெட், டயாஃப்ரம். மணி நேரம் ஓடாவிட்டாலும் ஐந்து ஆண்டு ஐந்து ஆண்டுதான். "இன்ஜின் ரொம்பக் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, கடைசியாக ரப்பர் மாற்றிய தேதியைத்தான் கேட்பேன். நம் வெயிலில் ரப்பர் இன்னும் சீக்கிரம் சாகும். சுபாங்கிலோ பாயான் லெப்பாஸிலோ ஈயம் கலந்த ஏவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் ஊற்றிப் பறப்பதானால், ரோட்டாக்ஸுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைக்க வேண்டும். கையேட்டில் அதற்குத் தனி அட்டவணை இருக்கிறது.

வெயில் என்றதும் இன்னொன்று. கண்ணாடியிழைக் கிளைடர்கள் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல. இழைகளைப் பிணைக்கும் பிசினின் வலிமை சுமார் 54 டிகிரி வரைக்குமே நிரூபிக்கப்பட்டது. அதற்கு மேல் சூடானால் ஸ்பார் என்ற இறக்கையின் முதுகெலும்பு இளக ஆரம்பிக்கலாம். மத்தியானம் திறந்த வெளியில் நிறுத்திய கிளைடரின் மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்று கையை வைத்துப் பாருங்கள். நண்பர்கள் யாராவது கொடி வண்ணத்தில் கோடு போடலாம் என்றால், கையேடு அனுமதிக்கும் இடம் எது என்று முதலில் பாருங்கள். ஹேங்கர் வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

உடல் கட்டமைப்பின் ஏடிகள் குறைவாக வரும், வந்தால் பெரிதாக வரும். 2010 ஜூன் 12ஆம் தேதி ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக் எல்-13 கிளைடரின் இறக்கை பறக்கும்போதே உடைந்து இரண்டு பேர் இறந்தார்கள். காரணம் உலோகச் சோர்வு. அடுத்தடுத்து வந்த உத்தரவுகளில் உலகம் முழுக்க அந்த வகைக் கிளைடர்கள் தரையில் நின்றன. அது இன்ஜின் இல்லாத கிளைடர்தான். ஆனால் விவாட் என்ற மோட்டார் கிளைடர் அந்த எல்-13 இறக்கையை வைத்தே கட்டப்பட்டது. விலை மலிவாக விவாட் ஒன்று கண்ணில் பட்டால் ஏன் மலிவு என்று யோசியுங்கள். உங்கள் இரண்டும் உலோக இறக்கை அல்ல, அந்த வகைச் சோர்வு இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஒட்டுகள், இறக்கை வேர்ப் பகுதியின் விரிசல், பழைய விபத்துப் பழுதுகள்.

பழைய பழுது என்றதும் குரோப்பின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஜி109பியைத்தான் பிரிட்டிஷ் வான்படை விஜிலன்ட் என்ற பெயரில் கடெட் பிள்ளைகளுக்கு வைத்திருந்தது. 2014 ஏப்ரலில் எல்லாக் கடெட் கிளைடர்களையும் நிறுத்திவிட்டார்கள். எதுவும் விழுந்ததால் அல்ல. பராமரிப்பும் பழுதுகளும் பதிவு செய்யப்பட்ட விதத்தைப் பார்த்தபோது, இவை பறக்கத் தகுதியானவை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வான்படையின் பணமும் ஆளும் இருந்தும் விஜிலன்ட்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை, 2018இல் விலக்கிவிட்டார்கள். அவற்றில் பலவற்றை எடுத்துக்கொண்ட ஏரோபிலிட்டி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அறக்கட்டளை, பழைய இன்ஜினைக் கழற்றி ரோட்டாக்ஸ் பொருத்தும் வேலையில் இறங்கியது. இதில் உங்களுக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. குரோப்பின் உடல் பாடுபட்டு மீட்கத்தக்கது. அதன் சொந்த இன்ஜினோ, அந்த ஒரு விமானத்துக்காகவே செய்யப்பட்ட குரோப் 2500. வேறு விமானங்களில் அதைக் காண்பது அரிது.

எந்த மாற்றம் செய்தாலும் எடை மாறும், புவியீர்ப்பு மையம் நகரும். இரண்டு ரேடியோ, ஒரு டிரான்ஸ்பாண்டர், கனமான பேட்டரி என்று முந்தைய உரிமையாளர்கள் சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள். ஜி109பியின் உச்ச எடை 850 கிலோ, டிமோனாவில் 770 கிலோ. கடைசியாகத் தராசில் ஏற்றிய தேதியையும் அதற்குப் பின் சேர்த்தவற்றின் பட்டியலையும் கேளுங்கள். இரண்டு பேர், டாங்க் நிறையப் பெட்ரோல் என்று கணக்குப் போட்டால் சில விமானங்களில் ஒரு ஆளைத் தரையில் விட்டுப் போக வேண்டியிருக்கும். அது வாங்கிய பிறகு தெரிந்தால் மூன்று நண்பர்கள் என்ற கணக்கே உதைக்கும்.

முறை என்று கேட்டால்: முன்பணம் கட்டும் முன் புத்ராஜெயாவில் சிஏஏஎம்மிடம் எழுத்தில் கேளுங்கள், இந்த வகை இங்கே ஏற்கப்படுமா, என்ன காகிதங்கள் வேண்டும் என்று. ஏற்றுமதி செய்யும் நாட்டின் ஏற்றுமதி வான்தகுதிச் சான்றிதழ் விற்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏடி பட்டியலை விற்பவர் தருவதை நம்பாமல், இங்கே உங்களுக்குக் கையெழுத்துப் போடப்போகும் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரையே தயாரிக்கச் சொல்லுங்கள். இயாசாவின் உத்தரவுகள் இணையத்தில் இலவசம், வகைப் பெயரைப் போட்டால் வரும். அவர் போடும் பட்டியலையும் விற்பவரின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விடுபட்டவை தாமாகத் தெரியும். அந்த இடைவெளிதான் நீங்கள் விலையில் குறைக்கக் கேட்க வேண்டிய தொகை.

இரண்டில் எது என்றால், நான் டிமோனாவைத்தான் சொல்வேன். உடல் நன்றாக இருப்பதால் அல்ல. குரோப்பில் உட்கார இடம் தாராளம், கட்டும் உறுதி. ஆனால் ரோட்டாக்ஸைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகளும் அதன் பாகங்களும் இந்தப் பக்கத்தில் கிடைக்கும். குரோப் 2500க்கு ஒரு புல்லட்டின் வந்து பாகம் மாற்றச் சொன்னால், ஐரோப்பாவில் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு மாதக்கணக்கில் ஹேங்கர் வாடகை கட்டுவீர்கள். அந்த டிமோனாவை விற்பவர்தான் "புல்லட்டின்தானே" என்றவர் என்றால், மிதவைப் படமும் ரப்பர் தேதியும் இறக்கை இணைப்பின் படமும் வரும்வரை ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். வந்தால் இன்ஜின் லாக் புக்கின் கடைசிப் பக்கங்களோடு எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.